இருநூற்றுப் பன்னிரண்டு பீப்பாய்கள்

லிமாவில் மழை என்று சொல்ல ஒன்றுமில்லை.
பனிமூட்டம் மட்டும் ஆறு மாதம்
பிழியாத துணிபோல் மலைமேல் கிடக்கும்.
துவைத்தது காயாது, தாகமும் தீராது.
எங்கள் லோமா செக்காவில் குழாய் கிடையாது.
வாசலுக்கு வாசல் ஒரு நீலப் பீப்பாய்.
தண்ணீர் லாரி வந்தால் வரும்.

நான் படித்தவளில்லை.
என் கையெழுத்து புரிகிறதென்று
நோட்டை என்னிடம் தந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் கூட்டம், ஒரு செவ்வாய் இரவு.
வந்தது நான்கு உயிர்,
எர்மெலிந்தாவின் நாயையும் சேர்த்து.
பவுஸ்தினோ அரை மணி நேரம்
அரசாங்கத்தைத் திட்டினான்.
நன்றாகத்தான் திட்டினான்.
அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில்
எர்மெலிந்தா கேட்டாள்:
"ஒரு பீப்பாய்க்கு நீ என்ன கொடுக்கிறாய்?"
நான்கு சோல்.
அவளுக்கு மூன்று.
எனக்கு நான்கரை.
ஒரே லாரி, ஒரே ஓட்டுநர், ஒரே தண்ணீர்.
அதன்பின் யாரும் திட்டவில்லை.
பென்சில் தேடினோம்.

பதினோரு வாரம் கதவு தட்டினேன்.
கதவென்றால் கதவில்லை,
சில வீட்டில் தகரம், சில வீட்டில் போர்வை.
போர்வையைத் தட்ட முடியாது, இருமவேண்டும்.
"எங்களோடு சேருங்கள்" என்றால்
அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்துவிடும் அவர்களுக்கு.
"லாரி கடைசியாக என்றைக்கு வந்தது?" என்றால்
உட்காரச் சொல்வார்கள்.
மாக்சிமினா மூன்று முறை விரட்டினாள்.
நான்காம் முறை
பிள்ளையின் வயிற்றுப்போக்கைப் பற்றிச் சொன்னாள்.
ஐந்தாம் முறை செருப்பை மாட்டிக்கொண்டு
எனக்கு முன்னால் நடந்தாள், அடுத்த சந்துக்கு.

நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பீப்பாய் சேர்ந்தது.
கூட்டினோம். நம்பாமல் மறுபடி கூட்டினோம்.
கடலைப் பார்த்த வீடுகள்
புல்லுக்கு ஊற்றக் கொடுப்பதைவிட ஆறு மடங்கு
நாங்கள் குடிக்கக் கொடுக்கிறோம்.
யாரும் கைதட்டவில்லை.
போகக் கிளம்பியிருந்த ஒருவர்
நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டார்.

இடையில் அபுந்தியோ போனான்.
அவனுக்கு நகராட்சியில் சிமெண்ட் இறக்கும் வேலை கிடைத்தது.
நகராட்சிக்கு எங்கள் பெயர்ப்பட்டியல் கிடைத்தது.
பவுஸ்தினோ கல்லெடுத்தான்.
"எதை உடைக்கப் போகிறாய், அவன் பீப்பாயையா?
அதுவும் நம் கணக்கில் ஒன்று," என்றாள் மாக்சிமினா.
கல் விழுந்தது. கோபம் விழவில்லை.
இன்றும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆகஸ்டில், விடியுமுன்,
காலிப் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு இறங்கினோம்.
அந்தச் சத்தம்!
மலைக்கே வயிறு இரைந்தது.
குடிநீர் அலுவலக வாசலில் வரிசையாய் நிறுத்தினோம்,
ஒவ்வொன்றின்மீதும் சாக்கட்டியில்
வீட்டு எண், கொடுத்த விலை.
அதிகாரி எட்டிப் பார்த்தார்.
"உங்கள் தலைவர் யார்?
அவர் மட்டும் உள்ளே வரட்டும்."
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
நிஜமாகவே எங்களுக்குத் தெரியவில்லை.
எர்மெலிந்தா கடைசி வரிசையில்
யார் பிள்ளைக்கோ மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
பத்து மணிவரை பார்த்துவிட்டு
அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
தெருவுக்கு வந்தார்.

குழாய் வந்தது,
பாதி மலைக்கு.
கீழ்ப்பாதி நனைந்தால்
மேல்பாதி தனியாகக் கத்தட்டும் என்று
யாரோ எங்கோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
முழுக்கத் தப்பான கணக்கு என்று
சொல்ல ஆசைதான்.
நேற்றைய கூட்டத்துக்கு
தண்ணீர் வந்த நூற்றொன்பது வீடுகளிலிருந்து
நாற்பது பேர்தான் மேலேறி வந்தார்கள்.

மீதி அறுபத்தொன்பதை
நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.
குழாய் வந்தபின் மரக்கதவு போட்டிருக்கிறார்கள்
அங்கே பல வீடுகளில்.
நல்லது.
இனி இருமவேண்டியதில்லை,
தட்டலாம்.